ஏற்றத்துக்குச் செய்த தள்ளுக்கம்பி

சிலந்தியாறு,
வட்டவடை.

அன்பு மகள் யோகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. உடம்பளவில் எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பச்சைப்பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். மாப்பிள்ளை அனுப்பிய போட்டோவில் பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறாள், யார் ஜாடை என்று சொல்ல முடியவில்லை, காது மட்டும் உன் அம்மாவுடையது. இங்கே மழை விட்டுப் பனி தொடங்கிவிட்டது. கேரட்டில் பாதியைப் பன்றி தோண்டிவிட்டது, மீதியைப் பிடுங்கி அனுப்பியாயிற்று. சமையல் நானே செய்துகொள்கிறேன், ரசம் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.

நீ என்னோடு பேசியே வெகுநாள் ஆகிறது தாயி. கடைசியாகப் பேசியபோது, "ஏம்ப்பா, வருசம் பூரா அதே ரோட்டுலதான வண்டி ஓட்டுறீங்க, ஒரு ஏத்தத்தத் தாண்டி அம்மாவக் கொண்டுபோக முடியலயா உங்களால" என்று கேட்டாய். எட்டு மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாமல், பெற்றவளின் முகத்தைக் கடைசியாகப் போனில் பார்த்தவள் நீ, உனக்குக் கேட்க உரிமை இருக்கிறது. வாயில் வராதது கையிலாவது வருகிறதா என்று பார்க்கிறேன்.

அன்றைக்குக் கோஸ் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்த உன் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேர்த்துக் கொட்டியது. நான் தூக்கி ஜீப்பில் படுக்க வைத்துக் கிளம்பிவிட்டேன், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. ஆஸ்பத்திரி இருக்கிற கோவிலூருக்குப் போகிற ஏற்றத்தில், வளைவுக்குக் கீழே நம் ஊர் மொக்கையனின் பிக்கப் வண்டி மூட்டைகளோடு சேற்றில் புதைந்து நின்றது. உனக்குத்தான் அந்த இடம் தெரியுமே, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், ஒரு வண்டி நின்றால் சைக்கிளும் போகாது. மொக்கையன் மூட்டைகளைப் பள்ளத்தில் தள்ளினான், ஆட்கள் இறங்கித் தள்ளினார்கள், அசையவில்லை. நான் ஜீப்பை அதன் பின்னால் ஒட்டி முட்டித் தள்ளினேன். பிக்கப் கொஞ்சம் நகர்ந்தது. அப்போது என் பம்பர் தகரம் மாதிரி உள்ளே மடங்கி, ரேடியேட்டர் ஃபேனில் போய் மோதி, வெந்நீர் மொத்தமும் ரோட்டில் ஓடிவிட்டது. முன்னால் இருந்த வண்டியும் நின்றது, என் வண்டியும் நின்றது. அதற்குப் பிறகு கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நானும் மொக்கையனும் முன்பக்கம். மழை அவள் முகத்தில் விழாமல் இருக்க ஒருவர் கோஸ் சாக்கைப் பிடித்துக்கொண்டே வந்தார். உன் அம்மா கண்ணைத் திறந்து, "புள்ளைக்குப் போன் போடாதீக, பதறுவா, சொகமானப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். கோவிலூர்க் கடைகள் கண்ணில் பட்டபோது அவள் கை கம்பளிக்கு வெளியே தொங்கியது. நான் அதை எடுத்து உள்ளே வைத்தேன், மறுபடி தொங்கியது.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. வாசலில் அந்த மடங்கிய பம்பரோடு ஜீப் நின்றது. அதைக் கழற்றிப் போட்டேன். எஸ்டேட் பழைய இரும்பில் கிடந்த கனமான குழாய் ஒன்றும் இரண்டு சேனல் இரும்புச் சட்டமும் வாங்கிவந்து, முன்னால் ஒரு தள்ளுக்கம்பி செய்ய உட்கார்ந்தேன். அட்டையை வெட்டி வைத்து அளவு பார்த்தேன், பிக்கப்பின் பின்பக்கப் பம்பர் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்குக் குறுக்குக் குழாய் வர வேண்டும், ரேடியேட்டருக்குக் காற்றும் போக வேண்டும். முதலில் பம்பர் இருந்த இடத்திலேயே பிடிக்கப் பார்த்தேன். வெல்டிங் போட வந்த ஜோஜோ பார்த்துவிட்டு, "சேட்டா, இது இங்க பிடிச்சா நிக்கில்லா, பழைய பம்பர் மாதிரிதான் மடங்கும், சேசிஸ்ல பிடிக்கணும்" என்றான். அவன் சொன்னபடி சேனலை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு போல்ட்டுப் போட்டு, பின்னால் சாய்வாக இரண்டு முட்டும் கொடுத்தோம். குழாய்மேல் பழைய லாரி டயரை வெட்டிச் சுற்றினேன், தள்ளும்போது வழுக்காது, எதிர் வண்டியும் நசுங்காது. கையெல்லாம் காயம். வேலை இருந்தவரை சோறு இறங்கியது தாயி, அதனால் மெதுவாகவே செய்தேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அதே வளைவில், அதே மொக்கையன் மறுபடி புதைந்து நின்றான். அம்மா போனதிலிருந்து அவன் என் எதிரில் வருவதே இல்லை. என்னைப் பார்த்ததும் சேற்றிலேயே நின்று, "அண்ணே, நா அன்னிக்கி ரெண்டு மூட்ட கூடுதலா ஏத்தாம வந்திருந்தா மதினி இருந்திருக்கும்ணே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "ஏறுடா, கியரப் போடு" என்று மட்டும் சொன்னேன். ஜீப்பை ஒட்டி, கம்பியை அவன் வண்டியில் பொருத்தி, லோ கியரில் மெல்ல மிதித்தேன். ஜீப் ஒரு முக்கு முக்கியது. அவ்வளவுதான், பிக்கப் வழுக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. வண்டியை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்தேன். இவ்வளவு லேசாகப் போகக்கூடிய வண்டிதான் அன்றைக்கு நின்றது. சுடுகாட்டில்கூட நான் அப்படி அழவில்லை. மொக்கையன் திரும்பி இறங்கிவந்து என் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

போன வாரம் மூணாறு போகிற வழியில் வண்டி சோதிக்கிற ஆபீசர் நிறுத்திவிட்டார். கோபமாகப் பேசவில்லை. "சேட்டா, இதோட ரோட்ல ஓட்டான் பாடில்லா, சட்டமில்ல. ஸ்கூல் போற ஒரு சின்னக் குட்டி குறுக்க வந்தா பம்பர் நெளியும், இது நெளியாது, குட்டிதான் போகும்" என்றார். வீட்டுக்கு வந்து கம்பிக்கு முன்னால் நின்று பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளையின் நெஞ்சு உயரம். மனுஷன் சொன்னது சரி. அன்றைக்கே கழற்றிவிட்டேன். இப்போது ஜோஜோ அதை இரும்புப் பின் சொருகி மாட்டிக் கழற்றுகிற மாதிரி மாற்றிக் கொடுத்திருக்கிறான், ஏற்றத்துக்கு அடியில் மரியஜோசப்பின் கடையோரம் கிடக்கிறது. இங்கே ஓடுகிற மற்ற ஜீப்புகளின் சேசிஸிலும் அதை மாட்டுகிற இரும்புப் பட்டையை அடித்துக்கொடுத்துவிட்டோம். எவன் வண்டி நின்றாலும், பின்னால் வருகிறவன் மாட்டித் தள்ளிவிட்டு, கழற்றி அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம். முதலில் பட்டை அடித்தது மொக்கையன் தம்பி ஜீப்புக்கு.

நடந்தது இவ்வளவுதான். அம்மாவை அப்பா விட்டுவிட்டார் என்று நினைக்காதே, அப்படி நினைத்தாலும் நினைத்துக்கொள், ஆனால் நினைத்ததை என்னிடம் சொல். பால் கொடுக்கிற உடம்பு, பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி வேலைக்கு அவசரப்பட்டுப் போகாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை போன் அடிப்பேன், எடு. பேச வராவிட்டால் பிள்ளையின் பக்கத்தில் போனை வைத்துவிட்டு நீ உன் வேலையைப் பார், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளைக்கு உன் அம்மா பெயரை வைக்கப் போவதாக மாப்பிள்ளை சொன்னார். நல்லது, வை. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருங்கள். அந்தப் பெயரை நான் வாய்விட்டுக் கூப்பிடக் கொஞ்ச காலம் ஆகும், அதுவரைக்கும் பாப்பா என்றே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே தாயி.

உன் அப்பா
மாரீஸ்வரன்