பாவட்டை இலையில் புள்ளி

அடுத்த வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் மருமகள் இன்று காலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நம் பின்சந்துக்கு வந்தாள். தோல் பதனிடும் ஷாப்பு மதிலுக்கும் நம் வீட்டுச் சுவருக்கும் நடுவில் பாவட்டை பூத்திருக்கிறது. பாவம், வாசத்தைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். வெள்ளைக் கொத்தில் முகத்தை வைத்து நன்றாக மூச்சு இழுத்தாள். அப்புறம் ஓர் இலையை வளைத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "செடிக்கு இன்னா வியாதி பெரிம்மா? இலையெல்லாம் கறுப்புக் கறுப்பா புள்ளி கீதே" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவள் நினைத்திருக்க வேண்டும், இரண்டடி பின்னால் போய் நின்றாள். அந்தச் சிரிப்பை உங்களோடு சேர்ந்து சிரிக்க முடியாமல் போனதால்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இருந்தவரை உங்களுக்கு ஒரு கடுதாசி எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்துப் படித்த நானேதான் வாசித்தும் காட்டியிருக்க வேண்டும்.

அம்மை போட்ட முகம் எனக்கு. அதை மறைக்காமல் சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். ஆனால் காதால் கேட்டுச் சம்மதிப்பது வேறு, தினமும் கண்ணால் பார்ப்பது வேறு. உங்கள் வேலை இன்னதென்று கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்கு விவரமாகத் தெரிந்தது. பதப்படுத்திய ஆட்டுத்தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, கட்டைவிரலால் தடவித் தடவித் தரம் பிரிக்கிற வேலை. உண்ணி கடித்த தழும்பு, கத்தி பட்ட கீறல், அம்மை கண்ட ஆட்டின் வடு என்று எது தட்டுப்பட்டாலும் அந்தத் தோல் கழிவில் போய் விழும். நல்லது மட்டும் கட்டாகி மதராஸ் ரயில் ஏறும். பகலெல்லாம் அம்மை வடுவைத் தேடிக் கழித்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்து என் எதிரில் சாப்பிட உட்காருவீர்கள். நான் விளக்கை என் முதுகுக்குப் பின்னால் நகர்த்தி வைத்துக்கொண்டுதான் பரிமாறுவேன். நீங்கள் என் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூடத் திருப்பி இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன்.

என் பிறந்த ஊரில் ஓடையோரத்துப் புங்க மரங்களின் அடியில் பாவட்டை தானாக மண்டிக் கிடக்கும். வேர் மண்ணோடு ஒரு கன்றைப் பெயர்த்து, விளிம்பு உடைந்த பானையில் வைத்து, ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்து வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். இந்தத் தெருவில் அதை வைக்க நிழலே இல்லை. உச்சி வெயில் பட்டால் வெளுத்துச் சோர்ந்துபோகிற செடி. தேடித் தேடிப் பார்த்ததில் நாள் முழுக்க நிழல் விழுகிற இடம் என்று இருந்தது ஷாப்பு மதிலடி ஒன்றுதான். எந்தத் திக்கிலிருந்து நாற்றம் வந்ததோ அந்தத் திக்கிலிருந்தே நிழலும் வந்தது. மூக்கைக் கட்டிக்கொண்டு அங்கேயே நட்டேன். கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதனால் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, வேலை முடிந்து வரும்போது ஒரு குடம் கொண்டுவருவீர்கள். "சோறாக்கவே நல்ல தண்ணி கம்மி. உன் செடி ஜாஸ்தி குடிக்குது" என்று முனகுவீர்கள். முனகிக்கொண்டேதான் ஊற்றுவீர்கள்.

வைகாசியில் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போனேன். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஊற்றுத் தண்ணீர் மட்டும் விடுங்கள், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மதிலடியில் ஒரு குச்சி நின்றது. ஓர் இலை இல்லை. பறித்த இலைகள் பக்கத்தில் இரண்டு குவியலாகக் கிடந்தன. புள்ளி குறைந்தது ஒரு குவியல், புள்ளி அதிகமானது இன்னொரு குவியல்.

"இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"எல்லாத்துலயும் புள்ளி. வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்தேன், ஒண்ணுகூட சுத்தமா இல்ல. பரவிடப் போவுதேன்னு கிள்ளிட்டேன்" என்றீர்கள். குரலில் ஒரு பெருமை வேறு.

"பாவட்டைன்னா புள்ளி இருக்கும். பொறக்கும்போதே இருக்கும். அது வியாதி இல்ல."

உங்கள் முகம் விழுந்துபோனது. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"புள்ளி இருந்தா கழிச்சுடுவீங்களா?"

பட்டப்பகல். என் முதுகுக்குப் பின்னால் விளக்கும் இல்லை. அன்றுதான் நீங்கள் என் முகத்தை நேராகப் பார்த்தீர்கள். நான் செடியைப் பற்றிக் கேட்கவில்லை என்பது உங்களுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. குனிந்து இரண்டு குவியலையும் ஒன்றாகச் சேர்த்துச் செடியின் தூரில் போட்டீர்கள். ஆடிக்கு அண்ணன் அழைத்துப்போக வருவான், போனால் இந்த வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று நான் மனதுக்குள் முடிவுகட்டிவிட்டேன்.

அதற்கப்புறம் நீங்கள் அந்தக் குச்சிக்குச் செய்த சேவகம் இருக்கிறதே! மதிலைத் தாண்டி வருகிற கொஞ்ச வெயிலுக்கும் மூங்கில் தட்டி கட்டினீர்கள். ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்கு மலைப்பக்கம் நடந்து போய், மரத்தடியில் மக்கிக் கிடக்கும் இலைமண்ணைச் சாக்கில் அள்ளித் தலையில் சுமந்து வந்தீர்கள். ஊர்க் குப்பை போதாதென்று மலைக் குப்பை வேறா என்று தெருவே கேலி செய்தது. நான் அடுப்பங்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குச்சி குச்சியாகவே நின்றது.

ஆடி பிறக்கும் முன்பே அண்ணன் வண்டி வந்தது. என் புடவை அத்தனையையும் மூட்டை கட்டினேன். ஒரு மாதத்துக்கு இவ்வளவு எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. "செடிய எடுத்துக்கலியா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"குச்சிய எடுத்துக்கினு போய் இன்னா பண்றது" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

ஆடியில் மாப்பிள்ளை மாமியார் வீட்டு வாசலை மிதிப்பது வழக்கமில்லை. நீங்கள் வந்தீர்கள். ஆடிக் கடைசி வெள்ளி, முழங்கால்வரை புழுதி. என் அம்மா கதவோரம் நின்று முகத்தைச் சுளித்தாள். நீங்கள் படியேறவில்லை. என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, தலைப்பாகையைப் பிரித்து, ஈரத்துணியில் சுற்றியிருந்த ஓர் இலையை எடுத்தீர்கள். இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே, தோலைப் பிடிப்பதுபோலவே சூரியனுக்கு நேராகப் பிடித்தீர்கள்.

"பாரு. புள்ளி வந்துடுச்சு."

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். "துளிர் வுட்டப்போ சுத்தமா இருந்துச்சு. எனக்கு ஒரே பேஜாராப் போச்சு. தெனம் காத்தால போய்ப் பாத்துக்கினே இருந்தேன். புள்ளி இல்லன்னா அது நம்ம செடி இல்லியே" என்றீர்கள்.

என் முகத்தைப் பற்றி அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அழகாகப் பேசத் தெரிந்த ஆளா நீங்கள்? எனக்கு அதுவே போதுமாயிருந்தது. அம்மா காதில் விழும்படியே சொன்னேன்: "ஆவணி பொறந்ததும் வர்றேன்." தலையாட்டிவிட்டு, சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு நடந்தீர்கள். இலையை என் கையிலேயே விட்டுவிட்டுப் போனீர்கள்.

இன்று அந்தச் செடி என் தலைக்கு மேல் நிற்கிறது. பங்குனி தொடங்கிப் பூக்கிறது. ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியைத் திறந்துவிடும் நாளில்கூட அதன் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைக்க முடிகிறது. உதிர்ந்த இலைகளை நான் பெருக்குவதில்லை, அதன் காலடியிலேயே விட்டுவிடுகிறேன். அடுத்த வீட்டுப் பெண்ணிடமும் சொன்னேன்: "வியாதி இல்லம்மா, அது அப்படித்தான் இருக்கும். மழை வரட்டும், தூருல மொளைச்சிருக்கிற கன்னு ஒண்ணு தர்றேன். நெழல்ல வை, உன் வூட்டுக்காரர கிட்ட வுடாத." அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சிரித்தாள். இங்கே வந்ததிலிருந்து இன்றுதான் சிரிக்கிறாள் போலிருக்கிறது.

உங்களுக்கு நான் நன்றி சொன்னதில்லை. வாழ்ந்த வீட்டில் யார் நன்றி சொல்லிக்கொள்கிறார்கள்? இப்போது சொல்கிறேன். அன்று அந்த வெயிலில் நடந்து வந்ததற்கு. அதைவிடவும், கடைசி வருஷத்துக்கு. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்தே உங்கள் கண் மங்கிவிட்டது. கட்டில் பக்கம் யார் வந்தாலும், பெற்ற மகளே வந்தாலும், "யாரு?" என்று கேட்பீர்கள். என்னிடம் மட்டும் கேட்டதில்லை. கையை நீட்டி, கட்டைவிரலால் என் கன்னத்து வடுக்களை மெல்லத் தடவி, "வந்துட்டியா" என்பீர்கள்.

பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வெளிச்சம் முகத்தில் நன்றாக விழுகிறது.