தட்டாமலே முழங்கும் டிரம்

ஜூன் 3, செவ்வாய்

பேத்தி சுஜியின் கரண்ட் டிரம்முக்குப் பேய் பிடித்திருக்கிறது. ஒரு ரப்பர் தட்டை அடித்தால் பக்கத்துத் தட்டும் சேர்ந்து கத்துகிறது. "எல்லாம் ஒரே இரும்புக் குழாய்ல நிக்குதுல்ல பாட்டி, அதிர்வு அடுத்த சென்சாருக்கும் போயிடுது. கிராஸ்டாக்னு பேரு" என்றாள். நம்ம வீட்டுக்கு அது புதுசா? உன் அப்பனைத் திட்டினால் உன் அம்மாதான் பதில் சொல்கிறாள் என்றேன். சிரிக்கவில்லை, பாவம். 22ஆம் தேதி குரோம்பேட்டையில் மெல்லிசைக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். இதைத்தான் கொண்டுபோய் வாசிக்க வேண்டும். தாம்பரத்திலேயே இவளைப் போல வாசிக்கிற பெண் கிடையாது. நான் சொல்லவில்லை, காய்க்காரர் சொன்னார். (சொல்ல வைத்தேன்.)

ஜூன் 5

எல்லோரும் கிளம்பியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இன்றும் வாசித்தேன். என் காதுக்குள் திருவிழா. வெளியே பார்த்தால் ரப்பரைத் தட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிழவி. யாருக்கும் தெரியாது.

ஜூன் 8, ஞாயிறு

தட்டு மாட்டும் இடத்திலெல்லாம் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினாள் சுஜி. பக்கத்துத் தட்டு வாயை மூடிக்கொண்டது. ஆனால் நான் கிரைண்டர் போட்டால் தரை அதிர்ந்து, டிரம் தானாகவே டம் டம் என்கிறது. டிரம்மோடு வந்த பெட்டியில் எதையோ அழுத்தினாள். "த்ரெஷோல்டை ஏத்திட்டேன் பாட்டி. லேசா அசைஞ்சா இனிமே கண்டுக்காது. பலமா அடிச்சாத்தான் சத்தம்." மாவு ஆட்டினேன். டிரம் கப்சிப்.

ஜூன் 9

ஐயோ. நான் தட்டுறதையும் அது கண்டுக்கல! கிரைண்டரும் நானும் ஒண்ணா அதுக்கு?

ஜூன் 12

பலமாக அடிக்க வேண்டும், அவ்வளவுதானே? அடித்தேன். முழங்குகிறது! தோள்பட்டைதான் கழன்றுவிட்டது. தைலம் எதற்கு என்று மருமகள் கேட்டாள். போர்வை துவைத்தேன் என்றேன்.

ஜூன் 18

சாயங்காலம் கீழ்வீட்டு ஷ்யாம்சுந்தர் ஏறி வந்தார். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். "சார், உங்க பொண்ணு டெய்லி மத்தியானம் காலேஜ் கட் அடிச்சிட்டு டிரம் வாசிக்குது. சீலிங்கே அதிருது. மீட்டிங்ல உக்கார முடியல."

என் மகன் வைத்தீஸ்வரனுக்கு முகம் சிவந்துவிட்டது. "செலக்‌ஷனும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாளைக்கே இதை வித்துடறேன்."

"சத்தியமா நான் இல்லப்பா" என்று சுஜி அழுதாள்.

நான் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கிக்கொண்டே இருந்திருக்கலாம் — முடியுமா? புள்ள அழுவுதே!

"நான்தான்டா அடிச்சேன்" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. அதுதான் எனக்குக் கோபம். ஸ்பீக்கரில் போடச் சொல்லி, முந்தானையைச் செருகிக்கொண்டு வாசித்துக் காட்டினேன்.

"பாட்டிம்மா... நீங்களா?" என்றார் ஷ்யாம்சுந்தர்.

"இல்ல, கிரைண்டர்" என்றேன்.

வைத்தி உள்ளே போனான். விற்கிற பேச்சும் அவனோடு போனது.

ஜூன் 22, ஞாயிறு

சுஜியை எடுத்துக்கொண்டார்கள்! ஒரு சத்தம்கூடத் தப்பாக விழவில்லையாம். வீட்டுக்கு வந்ததும் டிரம்மை மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "ரெண்டாம் நம்பர் செட்டிங் உங்களுக்கு. லேசாத் தட்டினாலே சத்தம் விழும். அப்ப மட்டும் கிரைண்டர் போடாதீங்க."

ஜூன் 26

மத்தியானம் கதவைத் தட்டினார்கள். ஷ்யாம்சுந்தரின் மனைவி சரிதா. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"பாட்டி, அவரு மீட்டிங்ல இருக்காரு. நானும் ஒரு வாட்டி அடிச்சுப் பாக்கட்டா?"

ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டேன். மெதுவாத் தட்டுடி, உன் புருஷன் தலைக்கு மேலதான் உக்காந்திருக்கே என்றேன்.