என் எலும்பு கூடிய எட்டு மாதம்

அன்புப் பேத்திக்கு,

உன் அம்மாவின் ஆபரேஷன் ரிசல்ட் சொன்ன அன்றைக்கு ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். டாக்டரம்மா, உன் அம்மா, உன் மாமன், அவன் பெண்டாட்டி, சக்கர நாற்காலியில் நான். மாமன் பெண்டாட்டி உனக்கு அத்தை. எனக்கு இன்றுவரை அவன் பெண்டாட்டிதான். "உங்கம்மா இங்க வந்தா நான் கிளம்பிடுவேன்" என்று அவனிடம் அவள் சொன்னதை அவர்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். இருபத்திரண்டு வருடம் ஆகிறது, அன்று செவ்வாய்க்கிழமை. அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை.

போனில் சொல்லலாமென்றால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். ஆபரேஷனில் எடுத்தது வெறும் கட்டி என்றுதானே உன்னிடம் சொன்னாள்? புற்றுநோய். கர்ப்பப்பையின் உள்சுவரில் தொடங்கி நெறிக்கட்டிவரை போய்விட்டது. கர்ப்பப்பையோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். இனி ஆறு தடவை மருந்து ஏற்றிவிட்டு, கதிர்வீச்சுக் கரண்டும் வைக்க வேண்டும். அப்படியும் ஐந்து வருடம் தாண்டுகிறவர்கள் பத்துக்கு ஐந்தாறு பேராம். தொடக்கத்திலேயே வந்திருந்தால் பத்துக்கு ஒன்பது பேராம்.

மாதவிலக்கு நின்று நான்கு வருடம் கழித்து இரத்தம் பட்டால் உடனே வர வேண்டாமா, ஏன் எட்டு மாதம் சும்மா இருந்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். உன் அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அம்மாவுக்கு இடுப்பு ஒடஞ்சிருந்துச்சு டாக்டர். தூக்கி உக்கார வைக்க வேற ஆள் இல்ல."

அந்த எட்டு மாதமும் அவளை ஏசிக்கொண்டே கிடந்தேன். வெந்நீர் ஆறிப்போச்சு, கூப்பிட்டால் காதில் விழவில்லையா என்று. எந்த நாளில் எதைச் சொன்னேன் என்பதுகூட மறக்கவில்லை.

இப்போது மருந்து ஏற்ற வேண்டாம் என்கிறாள். ஏற்றினால் படுத்துவிடுவாளாம், என்னை யார் பார்ப்பது என்கிறாள். அந்தப் பேச்சை அடைக்க, மாமன் பெண்டாட்டிக்கு நானே போன் செய்து, வந்து தங்கட்டுமா என்று கேட்டேன். "கீழ் ரூம்ல கட்டில் போட்டு வைக்கிறேன். ஆனா என்னை அதட்டக் கூடாது" என்றாள். முயற்சி செய்கிறேன் என்றேன். திங்கட்கிழமை போகிறேன்.

பதினான்காம் தேதி முதல் மருந்து. வர வேண்டாம் என்று உன் அம்மா சொல்வாள். வந்துவிடு. நீ கூப்பிட்டால்தான் மருந்து ஏற்றும் நாற்காலியில் உட்காருவாள். நீ நூறு வயது இருக்க வேண்டும் கண்ணு. உனக்கு இப்படி ஏதாவது பட்டால் புருஷன், பிள்ளை யாரையும் பார்க்காமல் டாக்டரிடம் ஓடு.

மாமன் பெண்டாட்டியோடுகூடச் சமாதானமாகிவிடுவேன் போலிருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் இடுப்பைத் தன் உயிருக்கு மேலே வைத்தவளை மட்டும் மன்னிக்க மாட்டேன். உன் அம்மாவை.

அவளைப் பெற்றவள்