கடற்கரைக்கு ஒரு கம்பளி

கொழும்பு,
15.2.1955

என் வணக்கத்துக்குரிய அம்மாவுக்கு, மகன் முத்துக்கருப்பன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அக்காவும் மச்சானும் பிள்ளைகளும் பத்திரமாகத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மிருகக்காட்சிசாலை, மியூசியம், கடற்கரை என்று ஒரே ஓட்டம். ரயில் குளிருக்குக் கொண்டுவந்த கம்பளியை மச்சான் அந்த வெயிலிலும் தோளைவிட்டு இறக்கவில்லை. பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். எனக்கே முதலில் கூச்சமாக இருந்தது.

காலிமுகத்திடலில் பிள்ளைகள் கப்பலைக் கண்டு குதித்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெரிய மனிதர் கம்பளியைப் பார்த்துவிட்டு, “தோட்டத்து ஆக்களோ? அந்தக் கப்பல் இந்தியாவுக்கு, உங்கட ஊருக்குத்தான் போகுது” என்று சிரித்தார்.

அக்கா திரும்பினாள். “எங்க ஊருக்குக் கப்பல் போகாதுங்க. ரயில்தான் போகும். பதுளையில போய் நிக்கும்.”

அவர் நகர்ந்துவிட்டார். சண்டை ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். நாங்கள் கடலை வாங்கித் தின்றோம்.

பிரஜாவுரிமை மனுவைத் தள்ளிவிட்டார்களே, இந்தியாவுக்குப் போகப் பெயர் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம். கங்காணி கேட்டால், மகன் மாட்டேன் என்கிறான் என்று சொல்லுங்கள். நீங்களும் நானும் பிறந்தது பதுளை ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீட்டில்தானே. மனுவை மறுபடியும் போடுவோம்.

கடை முதலாளி கூப்பிடுகிறார். ஒன்று மட்டும். பெட்டியில் இருக்கும் என் பழைய கம்பளியை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இங்கே குளிர் இல்லைதான். படுக்கும்போது தலைக்கு வைத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போவேன்.

உங்கள் மகன்,
முத்துக்கருப்பன்