மூன்றாம் முறை வந்த ஆயில் சொட்டு

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலிருந்து தூறல். மேல்காற்று வேறு. பட்டறைத் தகரம் ஒரே ஆட்டம்.

ருக்குமணியக்கா வண்டி மூன்றாம் முறை வந்துவிட்டது. கோபியிலிருந்து நேந்திரங்காய் லோடு அடிக்கிற டர்போ டீசல். ஓட்டுவதும் அவரேதான். போன மாதம் எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் மாற்றினேன். பத்து நாளில் மறுபடி மாற்றினேன். இன்றைக்கும் அடியில் சொட்டு. டர்போ ரப்பர்க் குழாய்க்குள்ளும் ஆயில்.

அக்கா திட்டியிருந்தால் தேவலை. “உங்க மேல தப்பில்லீங்க தம்பி. எஞ்சினுக்குத்தான் உங்களைப் புடிக்கல போலிருக்குதுங்க” என்றார். நம்ம ஊர்க்காரர்கள் மரியாதையாகத் திட்டினால் அதற்கு மருந்தே கிடையாது.

ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். குப்பென்று புகை. சந்தேகமே இல்லை, பிஸ்டன் ரிங் போச்சு. மேலே வெடிக்கிற காற்று ரிங்கைத் தாண்டி இறங்கி, எஞ்சின் வயிற்றில் அழுத்தம் கட்டி, சீலைப் பிதுக்குகிறது. எஞ்சினை இறக்கணும், இருபது நாள் ஆகும் என்று சொல்லிவிட்டேன். அக்கா முகம் சுருங்கிப்போனது. வெள்ளி முதல் ஓணம் சிப்ஸுக்குப் பாலக்காட்டு லோடு. வருடத்தில் அவருக்கு நல்ல ஓட்டம் இந்தச் சில வாரம்தான்.

“வேற வழியிருந்தாப் பாருங்க தம்பி. வியாழக்கிழமை வாரேனுங்க.”

வாங்க: கேஸ்கெட் பசை, 17 ஸ்பேனர் (பழையது எங்கே?), வீட்டில் பூங்கோதைக்குத் தலைவலித் தைலம்.

19, செவ்வாய்

வெயில். நேற்றுச் சொன்னது நெஞ்சில் உறுத்தல். ரிங் போன வண்டி மேட்டில் திணறணும். இது லோடோடு சும்மா ஏறுகிறது என்கிறார் அக்கா. கம்ப்ரஷன் பார்த்தேன். நாலு சிலிண்டரும் நன்றாகவே. அப்படியென்றால் ரிங்கில் தப்பில்லை. பிறகு எங்கிருந்து இத்தனை அழுத்தம்?

அளந்துவிடலாம் என்று தோன்றியது. பக்கத்தில் காம்பவுண்டு கட்டும் கொத்தனாரிடம் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூப் இரவல். ஒரு முனை ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் துளையில், நடுவில் வளைத்துத் தண்ணீர். ஸ்டார்ட். தண்ணீர் அத்தனையும் கொத்தனார் சட்டையில். “குளிச்சுப்போட்டுத்தானுங்க வந்தேன்” என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

இவ்வளவு காற்றும் பிரீதர் குழாய் வழியாக வெளியே வரணுமே. எஞ்சின் மூச்சு விடுவது அதில்தான். கை வைத்தேன். ஒன்றுமில்லை. கிளிப்பைத் தளர்த்திக் குழாயைப் பிடுங்கினால், எஞ்சின் மேல்மூடியின் வாயில் ஒரு துணி. ஆயிலில் ஊறி, கருப்பாக, கெட்டியாக. ஓரத்தில் மட்டும் பச்சைக் கரை.

என் மனைவியின் பழைய சேலை. பட்டறையில் கை துடைக்கிற துணியெல்லாம் பூங்கோதை சேலைதான். ஆனி மாதம் இந்த எஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவினேன். உள்ளே தண்ணீர் போகாமலிருக்கத் துணி அடைப்பது என் பழக்கம். எடுக்காமலே குழாயை மாட்டிக் கிளிப்பும் முறுக்கியிருக்கிறேன். சொட்டு ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். டர்போ ஆயிலும் அதனால்தான். டர்போவுக்குப் போன ஆயில் திரும்ப எஞ்சின் வயிற்றுக்குத்தான் இறங்கணும். அங்கே அழுத்தம் கட்டி நின்றால் எப்படி இறங்கும்.

துணியை எடுத்துவிட்டு மறுபடி டியூப். தண்ணீர் ஒரு விரல் அகலம் ஏறி நின்றது. கொத்தனார் இந்த முறை தள்ளி நின்றார்.

20, புதன்

கியர்பாக்ஸ் இறக்கிப் புது சீல் போட்டாயிற்று. டர்போ குழாய் கழுவியாயிற்று. மதியம் மூணு மணி நேரம் ஓடவிட்டேன், சொட்டில்லை.

அக்காவிடம் என்ன சொல்வது?
1. அழுத்தத்தைச் சரிசெய்தேன். பொய்யில்லை.
2. பிரீதரில் அடைப்பு. இதுவும் பொய்யில்லை.
3. துணி.

பூங்கோதை துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஏனுங்க மாமா, இது என்ற தலதீவாளிச் சேலையில்லீங்களா?” விஷயம் தெரிந்ததும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். பிறகு, “அந்தக்காகிட்ட சொல்லிப்போடுங்க. இல்லாட்டி நான் சொல்லிப்போடுவேன்.”

வெட்கமாக இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக எங்கள் கணபதி வட்டாரத்தில் ஆயில் லீக் என்றால் என் பட்டறையைத்தான் கை காட்டுவார்கள்.

21, வியாழன்

மேகமூட்டம். பத்து மணிக்கு அக்கா. டீ வாங்கிக் கொடுத்து, துணியை மேசையில் வைத்து, எல்லாம் சொன்னேன். அக்கா டீயை முழுக்கக் குடித்து முடித்தார்.

“அப்ப ரிங்கு?”

“நல்லாருக்குதுங்கக்கா. எஞ்சின் இறக்க வேண்டாமுங்க.”

“சொல்லாம உட்டிருந்தா எனக்கு எங்கீங்க தெரியப்போகுது?”

துணியைக் கேட்டார், கொடுத்தேன். கவரில் சுற்றி எடுத்துப்போகிறார். கோபி முழுக்கக் காட்டப்போகிறார். மானம் போச்சு.

இனிமேல்: எஞ்சினில் துணி அடைத்தால் ஞாபகத்துக்கு ஸ்டியரிங்கிலும் ஒன்று கட்டணும்.

24, ஞாயிறு

பாலக்காட்டிலிருந்து அக்கா போன். “வண்டிக்கடில அட்டை போட்டுப் பாத்தனுங்க தம்பி. காஞ்ச அட்டை காஞ்ச மாதிரியே கெடக்குதுங்க.” அரைக் கிலோ மட்டன் எடுத்தேன்.

26, செவ்வாய்

வெயில். ஸ்பேனர் கிடைத்தது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்.

எட்டரைக்கு ஒரு வேன். முன்பின் தெரியாதவர். இறங்காமலே கேட்டார்: “ஏனுங்க, துணிய மறந்து வெச்ச மெக்கானிக் பட்டறை இதுதானுங்களா?”

காதெல்லாம் சூடு. பின்னால் பூங்கோதை சிரிக்கிற சத்தம். இல்லை என்று சொல்ல நாக்கு வரை வந்தது.

“ஆமாங்க.”

“ருக்குமணியக்கா அனுப்பிச்சுதுங்க. எனக்கும் ஆயில் சொட்டுதுங்க. மூணு பட்டறை பாத்தாச்சு. மூணு பேரும் எஞ்சின் மேலதான் தப்புன்னாங்க.”

வண்டியை உள்ளே விடச் சொன்னேன்.