நிற்கத் தெரியாத கால்கள்

நவம்பர் 12

காலை பதினான்கு கிலோமீட்டர். இடது முட்டி முனகியது. நான் கண்டுகொள்ளவில்லை.

சலவைக்கூடத்தில் இன்று மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் ஒரே வண்டியில் வந்து இறங்கின. ஒரு மெஷினைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். மீதி நான்கை வைத்து ஓட்டினோம். இரண்டு மணிக்கு மின்னஞ்சல். காத்திருப்போர் பட்டியலில் இருந்த எனக்கு இடம் கிடைத்துவிட்டது. ஏப்ரலில், பாலைவனத்தில், ஏழு நாளில் இருநூற்று முப்பது கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம். சாப்பாடு, படுக்கை எல்லாம் முதுகில் சுமக்க வேண்டும். தண்ணீர் மட்டும் அவர்கள் தருவார்கள், அதுவும் அளந்து.

போனை மூடி வைத்துவிட்டு விரிப்புகளை எண்ணினேன். மூன்று தடவை எண்ணி மூன்று கணக்கு வந்தது.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 13

சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருபத்து மூன்று வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். எதிரில் எது வந்தாலும் பதற மாட்டார்.

"எத்தனை நாள்?"

"போக வரப் பத்து நாள்."

"உனக்கு வயசு நாற்பத்தாறு."

"தெரியும்."

"சரி."

இந்த மனுஷனின் "சரி"க்கு அர்த்தம் கண்டுபிடிக்கத் தனி அகராதி வேண்டும். மகள் விடுதியிலிருந்து போனில் சிரித்தாள். "அம்மா, நீ பஸ் பிடிக்கவே ஓட மாட்டியே. அடுத்ததுல போயிக்கலாம்னு நிப்பியே."

உண்மைதான். இந்த ஓட்டமெல்லாம் மாமா போன பிறகு வந்த பழக்கம்.

நவம்பர் 30

மாமா, என் மாமனார், ஏழு வருஷம் படுக்கையில் இருந்தார். பக்கவாதம். வலப்பக்கம் போனதோடு பேச்சும் போய்விட்டது. நான் வேலைக்குப் போகும் நேரம் மட்டும் ஒரு அம்மா வந்து பார்த்துக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் நான். புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வேண்டியதைக் கேட்க இடது கையில் ஒரு கரண்டி வைத்திருப்பார், கட்டில் கம்பியில் தட்டுவார்.

போன மே மாதம் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் என் கைகாலுக்கு வேலை இல்லை. உட்கார்ந்தால் எழு என்கிறது. எழுந்தால்? எங்கே போவது? ஒரு காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். மறுநாள் அடுத்த தெரு. ஆகஸ்டில் ஓடிக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் இன்று போன் செய்தாள். "அப்பாவை உன்னை மாதிரி யாரு பார்த்திருப்பா அண்ணி. பெத்த பொண்ணு நான்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டேன்." அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 19

உடம்பை வெயிலுக்குப் பழக்க வேண்டுமாம். உணவு இடைவேளையில் மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, துணி உலர்த்தும் அறையில் நின்ற இடத்திலேயே நாற்பது நிமிடம் ஓடினேன். இஸ்திரி மெஷினில் நிற்கும் அக்கா எட்டிப் பார்த்தாள். "வேர்க்கறதுக்கு இங்கேயே இவ்வளவு வசதி இருக்கு. இதுக்குப் பாலைவனம் வேற தேடிப் போறியா?"

ஸ்வெட்டரைப் பிழிந்தேன். வாளியில் நிஜமாகவே தண்ணீர் விழுந்தது.

ஜனவரி 8

22 கி.மீ. தூங்கவில்லை.

ஜனவரி 25

பையைச் சலவைக்கூடத்துத் தராசில் நிறுத்தேன். பதினோரு கிலோ. ஒன்பதுக்குள் வர வேண்டும். பல் துலக்கும் பிரஷின் காம்பைப் பாதியாக அறுத்தேன். துண்டைக் கால்வாசியாக வெட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பையின் பட்டை என் தோளில் உராயும் இடத்தில் பழைய மெத்தையிலிருந்து பஞ்சு எடுத்து வைத்துத் தைத்துக் கொடுத்தார். தையல் கோணல்தான். ஆனால் உறுதி.

பிப்ரவரி 16

சண்டை. இல்லை, சண்டை என்றால் இரண்டு பேர் பேச வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. முப்பத்தைந்து கிலோமீட்டர் முடித்து வந்தேன். உட்கார முடியவில்லை, கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவர் கேட்டார்: "எதை விட்டு இப்படி ஓடறே?"

என்னமோ ஆயிடுச்சு எனக்கு. கத்திட்டேன். நான் மட்டுமா ஓடறேன்? வாரத்துல நாலு நாள் டபுள் டூட்டி யார் கேட்டுப் பாக்கறது? அந்த ரூம் கதவை ஒரு நாளாவது தொறந்திருக்கீங்களா? உள்ள தூசி தட்டறது யாரு? நான்தானே? எல்லாம் நான்தானே?

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இருட்டும் முன் வந்துவிட்டார். இரண்டு பேரும் டிவி பார்த்தோம். என்ன நிகழ்ச்சி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மார்ச் 14

இடது கால் பெருவிரல் நகம் கழன்று வந்துவிட்டது. வலி இல்லை. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, வலி இல்லாதது.

ஏப்ரல் 6, முகாம்

வந்து சேர்ந்தோம். எங்கே திரும்பினாலும் ஒரே நிறம். ஒரு கூடாரத்துக்கு எட்டுப் பேர். என் இடப்பக்கம் ஒரு பல் டாக்டர் அம்மா, ஐம்பது வயது இருக்கும், வாய் ஓயாத ஆள். வலப்பக்கம் ஓய்வுபெற்ற தீயணைப்புக்காரர். படுத்த மறுநிமிடம் குறட்டை. பல் டாக்டர் என் காதில் சொன்னார்: "அவர் தூங்கறாரா, சைரன் அடிக்கறாரா?"

பதினோரு மாதத்தில் முதல் தடவை வாய்விட்டுச் சிரித்தேன்.

ஏப்ரல் 7

32 கி.மீ. எல்லாரும் கிளம்பியதும் பறந்தார்கள். நானும் பறந்தேன். பதினைந்தாவது கிலோமீட்டரில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியிலிருந்து முப்பதாவது ஆள்.

ஏப்ரல் 8

மணல் மேடு. இரண்டு அடி ஏறினால் ஒரு அடி சறுக்குகிறது. குதிகாலில் இரண்டு கொப்புளம். பல் டாக்டர் தன் ஊசியால் குத்தி நீரெடுத்தார். "வாயைத் தொறங்கன்னு சொல்லாம வேலை பாக்கறது எனக்கே புதுசா இருக்கு."

ஏப்ரல் 9

எழுத வேண்டாம் என்று வைத்திருந்தது. இன்று எழுதிவிடுகிறேன்.

இன்று நாற்பது கிலோமீட்டர். இருபதைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு சத்தம். டொக். டொக். டொக். என் பையில் தொங்கிய தகரக் குவளையில் கரண்டி இடித்துக்கொண்டு வந்தது. அவ்வளவுதான். அது தெரிந்தும் என்னால் நடக்க முடியவில்லை. வெயிலில் நின்றேன். யாரோ "ஓகேயா?" என்று கேட்டுக்கொண்டே தாண்டிப் போனார்கள்.

அன்றைக்கு சனிக்கிழமை. மத்தியானம் மூன்று மணி. மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே மாமா தட்ட ஆரம்பித்தார். அன்று காலையிலிருந்து பதினோரு தடவை கூப்பிட்டிருந்தார். தலையணை, தண்ணி, ஜன்னல், மறுபடி தலையணை. நான் போகலை. துணி காயப்போட்டு முடிஞ்சும் போகலை. தண்ணித் தொட்டி நிழல்ல உக்காந்துக்கிட்டேன். தட்டிக்கிட்டே இருந்தார். இருபது நிமிஷம் இருக்கும். அப்புறம் நின்னுடுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. அப்பாடான்னு.

இறங்கிப் போனபோது போய்விட்டிருந்தார்.

கூடத்தில் என் வீட்டுக்காரர் படுத்திருந்தார், விடியற்காலை டூட்டி பார்த்த அசதியில். எழுப்பினேன். அவர் எல்லாரிடமும் சொன்னது, "நான் நல்லாத் தூங்கிட்டேன். அவதான் பக்கத்துல இருந்தா." நான் மறுக்கவில்லை. யாரிடமும், ஒரு தடவைகூட.

கரண்டியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மீதி இருபது கிலோமீட்டரை முடித்தேன்.

ஏப்ரல் 11

நீண்ட கட்டம் முடிந்தது. எழுபத்தெட்டு கிலோமீட்டர். நேற்று காலை ஏழுக்குக் கிளம்பி இன்று காலை ஆறு பத்துக்கு வந்து சேர்ந்தேன். விரல் வீங்கியிருக்கிறது, எழுத்து கோணுகிறது. நடந்ததை மறப்பதற்குள் எழுத வேண்டும்.

நேற்று மூன்றாவது செக்பாயின்ட் தாண்டி, இரண்டரை மணி வெயிலில், ஒரு பாறைக்குப் பக்கத்தில் பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாந்தி. உடம்பு கொதிக்கிறது, ஆனால் வேர்வை இல்லை. என்னைப் பார்த்து, "நீங்க எந்தப் பேஷன்ட்?" என்றார். விளையாட்டுக்கு இல்லை. நிஜமாகக் கேட்டார்.

கழுத்தில் மாட்டியிருந்த கருவியின் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். பளபளப்புத் தாளை விரித்து நிழல் கட்டினேன். சட்டையைத் தளர்த்தி, என் தண்ணீரில் துணியை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தேன். ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுக்குப் பையை முட்டுக் கொடுத்தேன். கை தானாகச் செய்தது. ஏழு வருஷம் பழகிய கை.

வண்டி வர ஐம்பது நிமிடம் ஆனது. நான்கு பேர் இறங்கினார்கள். கையில் சலைன் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் என்னை அடையாளம் தெரிந்து, "போங்க, நேரமாச்சு," என்றார் பல் டாக்டர்.

நான்காவது செக்பாயின்டின் கெடு ஐந்து மணி, தாண்டினால் போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். இன்னும் ஆறு கிலோமீட்டர், பாதி மணல் மேடு. நான் எழுந்திருக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் நகர்ந்தால் இவருக்கு ஏதாவது ஆகிவிடும். அப்படித்தான் தோன்றியது. முட்டாள்தனம் என்று தெரிகிறது, எழ முடியவில்லை.

வந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"ஒரே கூடாரம்."

"சொந்தமில்லையா? சரி. கெளம்புங்க. நாங்க நாலு பேர் இருக்கோம்."

நாங்க நாலு பேர் இருக்கோம். ஏழு வருஷத்தில் யாராவது ஒருத்தர், ஒரு தடவை, இதை என்னிடம் சொல்லியிருந்தால்?

எழுந்தேன். வண்டியிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். அழுதுகொண்டே ஓடினேன். தண்ணீரை வீணாக்குகிறோம் என்ற பயத்தோடு அழுதேன். நாலு நாற்பத்தெட்டுக்குச் செக்பாயின்டைத் தொட்டேன்.

பல் டாக்டர் முகாம் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நேரில் போய்ப் பார்த்தேன். போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார். நல்ல அறிகுறி.

ஏப்ரல் 13

முடிந்தது. கடைசியிலிருந்து பதினெட்டாவது. கழுத்தில் மெடல் போட்டார்கள். தீயணைப்புக்காரர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், தான் எதற்கு அழுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டில் அவருக்குப் போன் செய்தேன்.

"முடிச்சிட்டேன்."

"காலு?"

"இருக்கு."

"சரி. வா."

ஏப்ரல் 18

வீடு. இரண்டு நாள் செத்தவள் போலத் தூங்கினேன். மூன்றாம் நாள் கண் விழித்ததும் போனில் தேடியது: அடுத்த பந்தயம். பனிப்பிரதேசத்தில் ஒன்று இருக்கிறது. எட்டு நாள்.

அப்படியானால் எதுவும் முடியவில்லையா? இருநூற்று முப்பது கிலோமீட்டரும் தண்டமா?

ஏப்ரல் 27

சொல்லிட்டேன்.

அவர் வாசல் படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். தட்டினார், கேட்டது, போகவில்லை, இருபது நிமிஷம். அப்பாடா என்று இருந்தது என்பதையும் சொன்னேன்.

பிரஷ் நின்றது. அப்புறம் ஷூவைப் பார்த்துச் சொன்னார்:

"எனக்கும் கேட்டுது."

"என்ன?"

"நான் தூங்கலை. கண்ணை மூடிப் படுத்திருந்தேன். தட்டறார், தட்டறார். நீ எறங்கி வருவேன்னு இருந்தேன். எப்பவும் நீதானே போவே." பிரஷைக் கீழே வைத்தார். "நீ மாடியில இருந்தே. நான் எட்டு அடி தூரத்துல இருந்தேன்."

இதைக் கேட்டால் மனசு லேசாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கு வந்தது ஆத்திரம். ஒரு வருஷம். ஒரே வீடு. நான் நகம் கழல ஓடறதைப் பார்த்துக்கிட்டு, பைக்குப் பஞ்சு வெச்சுத் தெச்சுக் குடுத்துக்கிட்டு, எதை விட்டு ஓடறேன்னு என்னையே கேக்கறார். தெரிஞ்சுக்கிட்டே கேட்டாரா? இல்லை, தன்னைத்தான் கேட்டுக்கிட்டாரா?

மே 1

பேச்சில்லை. டபுள் டூட்டிக்கு எழுதிக் கொடுக்கவில்லை போல. மாலையில் வீட்டில்தான் இருக்கிறார். இருந்தால் மட்டும் ஆயிற்றா?

மே 5

சாப்பிடும்போது அவராகவே ஆரம்பித்தார். "அப்பாவைப் புரட்டிப் போடக் கத்துக்குடுன்னு ஒரு நாள்கூட உன்னைக் கேக்கலை நான். பயமா இருந்துது. அவரை அப்படிப் பாக்க."

"எனக்கு மட்டும் பயமா இல்லையா?"

"உனக்கு இல்லைன்னு நெனச்சுக்கிட்டேன். அதான் வசதியா இருந்துது."

சாதம் போட்டேன். மறுசோறு கேட்கத் தயங்கினார். அதையும் போட்டேன்.

மே 9

நாத்தனாரிடம் அவரே போனில் எல்லாவற்றையும் சொன்னார். இருவருடையதையும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் அழுதாள். அப்புறம் சொன்னாள்: "ரெண்டு வருஷம் நான் வந்து எட்டிக்கூடப் பாக்கலையே அண்ணா. என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க."

பனிப்பிரதேச ஓட்டத்துக்குப் பதிவு செய்யக் கடைசி நாள் இன்று. ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மே 17

ஞாயிறு. அவர் காலையில் ஸ்பேனரோடு மாமாவின் அறைக்குள் போனார். நானும் போனேன். கட்டிலைக் கழற்றினோம். ஒரு போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. அவர் எண்ணெய் விட்டுக் காத்திருக்கலாம் என்றார். சரி என்று இருவரும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தோம். தலைமாட்டுக் கம்பியில் ஒரு இடத்தில் மட்டும் பெயின்ட் போயிருந்தது. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஜன்னலைத் திறந்து விட்டிருந்தோம், காற்று நன்றாக வந்தது. எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியவில்லை. விழித்தபோது சாயங்காலம் நாலரை மணி. அவர் பக்கத்தில் கையை மடக்கித் தலைக்கு வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பாதி கழற்றிய கட்டில் அப்படியே நின்றது.

மாலை ஓட்டத்துக்குப் போகும் நேரம். அவரை எழுப்ப மனம் வரவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.