ஏழு குழாய்களின் நிறம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், உன் வாயால் கேட்டால் இன்னும் நிம்மதி.

போன மாதம் போனில் நீ சொல்லிக்கொடுத்தது எப்படி முடிந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஊரிலுள்ள அறுபத்துமூன்று அடிகுழாய்த் தண்ணீரிலும் கிருமிகளை எண்ணி, எண்ணிக்கை ஏற ஏற நிறம் கறுக்கும்படி வரைபடத்தில் குழாய்க்கு ஒரு நிறப்புள்ளி வைத்திருந்தேன் அல்லவா. சாக்கடை ஓரத்துக் குழாயில் மட்டும் இரண்டு லட்சம். அந்த ஒன்று கறுப்பாக நிற்க, நானூறும் சரி நாலும் சரி, மற்றதெல்லாம் ஒரே வெளிர் மஞ்சளாகிவிட்டது. மேலதிகாரி பார்த்துவிட்டு, அந்த ஒன்றை மூடினால் போதும் என்று கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார். குடிக்கிற தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக்கூடாதே சார் என்று பட்டியலை நீட்டினேன். பட்டியலை யார் படிக்கிறார்கள், மேலே போவது படம்தான் என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் எங்கள் பரிசோதனைக்கூடத்தில் பாத்திரம் கழுவுகிறவள் குடியிருக்கும் சந்துக் குழாயில் நானூறு என்று எண்ணியவளே நான். அவள் மகளுக்கு இரண்டு மாதமாக வயிற்றுப்போக்கு, பிள்ளை துரும்பாக இளைத்துவிட்டது. கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னேன், ஆனால் சந்து முழுக்க யார் போய்ச் சொல்வது. ஒரு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டுதான் உன்னைக் கூப்பிட்டேன்.

நீ எடுத்த எடுப்பிலேயே, "ஒண்ணு, பத்து, நூறு, ஆயிரம்னு பத்து மடங்குக்கு ஒரு தடவை நிறம் மாறட்டும்மா" என்றாய். பள்ளிக்கூடத்தில் படித்த மடக்கைதான், நீங்கள் லாக் என்பீர்களே அது, வேலைக்கு வந்தபின் அதை எட்டிப் பார்த்ததே இல்லை. அப்படியே மாற்றினால் சுத்தமான குழாய்களின் புள்ளியெல்லாம் காணாமல் போய்விட்டது. பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது, அதற்குத் தனியாகச் சாம்பல் நிறம் கொடு என்றாய். எப்போதும் சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று நாலு நிமிடத்தில் வைத்துவிடுவாய். அன்றைக்கு நாற்பது நிமிடம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தப் பூஜ்ய விஷயம் எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. மூன்று தடவை கேட்டது வேறு எதற்கோ. அப்பாவும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு ஒட்டுக்கேட்டார், ஒரு வார்த்தை விளங்கியிருக்காது. வைத்தபிறகு, "சளி சரியாயிடுச்சு போல, குரல் தெளிவா இருக்கு" என்றார்.

மறுநாள் படத்தை மேலதிகாரியின் மேஜையில் வைத்தேன். அந்தச் சந்தில் ஏழு குழாயும் ஒரே கரும் ஆரஞ்சில் கோடு போட்ட மாதிரி வரிசையாக நின்றன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இந்த ஏழுக்கும் அடியில என்னம்மா போகுது?" என்று கேட்டார். தோண்டிப் பார்த்தார்கள், கழிவுநீர்க் குழாய் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. சாக்கடை ஓரத்துக் குழாயோடு இந்த ஏழையும் பூட்டிவிட்டு இப்போது லாரியில் தண்ணீர் வருகிறது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு நின்று, இரண்டாம் தடவை சோறு கேட்கிறாளாம். அதைச் சொல்லும்போது அவள் அம்மா கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று மேலதிகாரி கேட்டார். என் மகள் என்றேன். எப்போது வருகிறாள், நம் கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு நாள் சொல்லித்தரட்டும் என்றார். அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தவள் மாதிரி எழுந்து வந்துவிட்டேன்.

வேலை அதிகம் என்று தெரியும் கண்ணு, நான் குறை சொல்லவில்லை. வெறுங்காலோடு குளிர்தரையில் நடக்காதே, கண்ணுக்கு ஓய்வு கொடு. எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீடு வாழவேண்டும் என்பதுதான் எங்கள் இருவர் ஆசியும். வரும் தேதியை எழுது. தேதி தெரியாவிட்டால் மாதம் போதும். அப்பாவிடம் சொல்லமாட்டேன், சொன்னால் உனக்கு இடம் பண்ண இன்றைக்கே கட்டிலை நகர்த்த ஆரம்பித்துவிடுவார், முழங்கால் தாங்காது.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அம்மா